ஜாவா செயலியை சர்வ்லெட் சர்வரில் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பிரிங், ஸ்ட்ரட்ஸ், விக்கெட் என ஏதோ ஒரு ஃபிரேம்வொர்க்கில் செயலியை எழுதி முடித்து, அதை டாம்கேட், ஜெட்டி போன்ற சர்வ்லெட் சர்வர் ஒன்றில் (ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் மென்பொருள்) ஏற்றும்போது எழும் கேள்விகள் இவை. ஃபிரேம்வொர்க் எதுவானாலும் சிக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முளைக்கிறது: சர்வரின் பொறுப்பு எங்கே முடிகிறது, செயலியின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்ற எல்லையில். பிழைச் செய்தி எதுவாக இருந்தாலும் "இது யாருடைய வேலை?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள். தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

ஃபிரேம்வொர்க் இருக்கும்போது சர்வ்லெட் சர்வர் தனியாக எதற்கு?

போர்ட்டைத் திறந்து காத்திருப்பது, வரும் எச்டிடிபி கோரிக்கையைப் பிரித்துப் படிப்பது, அதற்கு ஒரு த்ரெட்டை ஒதுக்குவது, செஷனையும் குக்கியையும் பராமரிப்பது எல்லாம் சர்வரின் வேலை. அந்தக் கோரிக்கையை எந்தக் கன்ட்ரோலருக்கு அனுப்புவது, எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று முடிவு செய்வது ஃபிரேம்வொர்க்கின் வேலை. இரண்டும் கைகுலுக்கும் இடம் மிகச் சிறியது. ஸ்பிரிங் எம்விசி தன்னை டிஸ்பாச்சர் சர்வ்லெட் என்ற ஒரே சர்வ்லெட்டாக (கோரிக்கையை வாங்கிப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) சர்வரிடம் பதிவு செய்துகொள்கிறது. ஸ்ட்ரட்ஸ் 2, விக்கெட் இரண்டும் ஃபில்டராக, அதாவது சர்வ்லெட்டுக்கு முன்னால் நின்று கோரிக்கையைப் பார்க்கும் கிளாஸாக, பதிவு செய்துகொள்கின்றன. சர்வரைப் பொறுத்தவரை உங்கள் முழு ஃபிரேம்வொர்க்கும் ஒரு கிளாஸ்தான். அந்த ஒரு கிளாஸ் ஏறவில்லை என்றால் உள்ளே இருக்கும் நூறு கன்ட்ரோலர்களும் இல்லாததற்குச் சமம்.

வார் கோப்புக்குள் என்ன இருக்க வேண்டும்?

வார் (WAR) என்பது செயலி முழுவதையும் ஒரே பொதியாகக் கட்டிய சாதாரண ஜிப் கோப்புதான். 1999-இல் வந்த சர்வ்லெட் 2.2 வரையறை இந்த அமைப்பைக் கொண்டுவந்தது, அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. உள்ளே வெப்-இன்ஃப் என்ற கோப்புறை. அதற்குள் கிளாசஸ் என்ற கோப்புறையில் நீங்கள் எழுதிய நிரல், லிப் என்ற கோப்புறையில் நீங்கள் சார்ந்திருக்கும் ஜார் கோப்புகள். வெப்-இன்ஃபுக்குள் இருப்பதை பிரவுசர் நேரடியாகக் கேட்டுப் பெற முடியாது. வெளியே இருப்பதைப் பெற முடியும். ஆகவே கடவுச்சொல் எழுதிய கோப்பை வாரின் மேல்மட்டத்தில் விட்டுவைக்காதீர்கள்.

ஏற்றுவதற்கு முன் வாரை ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். லிப் கோப்புறையில் ஒரே நூலகம் இரண்டு பதிப்புகளில் கிடப்பது கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெப்.எக்ஸ்எம்எல் கட்டாயமா?

இல்லை. 2009 இறுதியில் வந்த சர்வ்லெட் 3.0 முதல் இந்த அமைப்புக் கோப்பு இல்லாமலே, அனோட்டேஷன் (நிரலில் கிளாஸின் மேல் எழுதும் குறிப்பு) வழியாகவோ, நிரல் வழியாகவோ சர்வ்லெட்டைப் பதிவு செய்யலாம். ஆனால் ஃபில்டர்கள் ஓடும் வரிசை முக்கியம் என்றால் நான் இன்னும் வெப்.எக்ஸ்எம்எல்லையே விரும்புகிறேன். அனோட்டேஷனால் அந்த வரிசையைச் சொல்ல முடியாது, வெப்.எக்ஸ்எம்எல்லில் ஃபில்டர் மேப்பிங்குகளை எழுதிய வரிசையே ஓடும் வரிசை.

எந்த டாம்கேட் பதிப்பில் ஏற்றுவது? புதிய டாம்கேட்டில் ஏற்றினால் பழைய செயலி ஏன் ஓடுவதில்லை?

இன்று அதிகம் பேரைத் தடுமாற வைக்கும் கேள்வி இது. சர்வ்லெட் உள்ளிட்ட வரையறைகளைக் கொண்ட ஜாவா ஈஈ தொகுப்பை ஆரக்கிள் நிறுவனம் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தது. தொகுப்பு கைமாறினாலும், ஜாவாக்ஸ் என்ற பெயர்வெளியில் புதிய மாற்றங்கள் செய்யும் உரிமை கைமாறவில்லை. எனவே 2020-இல் வந்த ஜகார்த்தா ஈஈ 9, ஜாவாக்ஸ்.சர்வ்லெட் என்று இருந்ததை ஜகார்த்தா.சர்வ்லெட் என்று மாற்றியது. செயல்பாட்டில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்முக்குப் பெயர் மாறினால் அது வேறு கிளாஸ்.

டாம்கேட் 9 வரை பழைய பெயர். டாம்கேட் 10 முதல் புதிய பெயர். ஸ்பிரிங் 5, ஸ்பிரிங் பூட் 2 இரண்டும் பழைய பக்கம். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் 6, ஸ்பிரிங் பூட் 3 புதிய பக்கம், அவற்றுக்கு ஜாவா 17 குறைந்தபட்சத் தேவை. ஸ்ட்ரட்ஸ் 6 பழையது, 7 புதியது. விக்கெட்டில் 9 பழையது, 10 புதியது. இரு பக்கத்தையும் கலந்தால் ஓடாது. ஸ்பிரிங் 5 செயலியை டாம்கேட் 10-இல் வைத்தால், மிகவும் குழப்பமான ஒரு காட்சி கிடைக்கும்: லாகில் பெரிய பிழை எதுவும் இல்லாமல் செயலி ஏறியதாகத் தெரியும், எந்த முகவரியைத் தட்டினாலும் 404 வரும். காரணம், புதிய டாம்கேட் தேடுவது புதிய பெயருள்ள தொடக்கிகளை. பழைய பெயருள்ளவை அதன் கண்ணில் படுவதே இல்லை.

டாம்கேட் 10.1 என்பது சர்வ்லெட் 6.0, ஜாவா 11 தேவை. டாம்கேட் 11 என்பது சர்வ்லெட் 6.1, ஜாவா 17 தேவை. டாம்கேட் 10.0 வரிசைக்கு ஆதரவு 2022-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதில் இருந்தால் 10.1-க்கு நகருங்கள். ஜெட்டி 12 இதை வேறு விதமாகக் கையாள்கிறது: பழைய பெயர் செயலியையும் புதிய பெயர் செயலியையும் ஒரே சர்வரில் அருகருகே ஓட்ட முடியும்.

மூல நிரலை மாற்றாமல் பழைய வாரைப் புதிய டாம்கேட்டில் ஓட்ட வழி உண்டா?

உண்டு. டாம்கேட் குழுவே ஒரு மாற்றுக் கருவியை வெளியிட்டிருக்கிறது. வாரைக் கொடுத்தால் பெயர்களை மாற்றிய புதிய வாரைத் தரும். டாம்கேட் 10-இல் வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்ற கோப்புறையில் வாரைப் போட்டால் சர்வரே மாற்றி வெப்ஆப்ஸில் வைத்துவிடும். இது இடைக்கால ஏற்பாடு என்றே கொள்ளுங்கள்.

நீங்களே நிரலில் தேடி மாற்றுவதானால் ஓர் எச்சரிக்கை. ஜாவாக்ஸ் என்று தொடங்கும் எல்லாவற்றையும் மாற்றிவிடக் கூடாது. ஜாவாக்ஸ்.எஸ்கியூஎல், ஜாவாக்ஸ்.நேமிங், ஜாவாக்ஸ்.கிரிப்டோ ஆகியவை ஜேடிகே என்ற ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பின் பகுதிகள். அவற்றின் பெயர் மாறவில்லை.

என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் 404. எங்கே பார்ப்பது?

முதலில், அந்த 404-ஐ யார் தருகிறார்கள் என்று பாருங்கள். பக்கத்தின் தோற்றமே சொல்லிவிடும். டாம்கேட்டின் வழக்கமான பிழைப்பக்கம் வந்தால் கோரிக்கை டாம்கேட் வரை வந்திருக்கிறது. முன்னால் பிராக்ஸியாக நின்று கோரிக்கையை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸின் பிழைப்பக்கம் வந்தால் கோரிக்கை டாம்கேட்டைத் தொடவே இல்லை. உங்கள் செயலியின் சொந்தப் பிழைப்பக்கம் வந்தால் செயலி நன்றாகவே ஏறியிருக்கிறது, உள்ளே இருக்கும் முகவரிப் பொருத்தம்தான் தவறு.

டாம்கேட்டின் பக்கம் என்றால் அடுத்து கான்டெக்ஸ்ட் பாத். வாரின் பெயரே முகவரியின் முதல் பகுதியாகிறது. கோப்பின் பெயரில் பதிப்பு எண் ஒட்டியிருந்தால் அதுவும் முகவரியில் வரும். பில்ட் கருவியான மேவன் வழக்கமாகப் பதிப்பு எண்ணை ஒட்டித்தான் வாரை உருவாக்கும்; ஏற்றும்போது பெயரை மாற்றுங்கள், அல்லது மேவன் அமைப்பில் இறுதிப் பெயரைக் குறிப்பிடுங்கள். முகவரியில் எதுவும் ஒட்டாமல் நேராக வேண்டும் என்றால் வாருக்கு ரூட் என்று, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், பெயரிட வேண்டும். சிறிய எழுத்தில் எழுதினால் அது இன்னொரு சாதாரணச் செயலியாகிவிடும்.

பெயர் சரி, ஆனாலும் 404 என்றால் செயலி தொடங்கும்போதே விழுந்திருக்கலாம். தொடக்கத்தில் தோற்ற செயலிக்கு டாம்கேட் 500 தருவதில்லை. அந்த முகவரியில் யாரும் இல்லை என்று 404 தருகிறது. இதைத் தெரிந்துவைத்திருந்தால் வீணாக முகவரிகளை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நேராக லாகுக்குப் போகலாம்.

லாகில் "லிசனர் தொடங்கவில்லை, முழு விவரம் உரிய லாக் கோப்பில்" என்று மட்டும் இருக்கிறது. அந்த உரிய கோப்பு எது?

பலர் கேட்டலினா.அவுட் கோப்பை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். லாக்ஸ் கோப்புறையில் லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கி அன்றைய தேதியைத் தாங்கிய இன்னொரு கோப்பு இருக்கும். செயலி தொடங்கும்போது எழுந்த எக்செப்ஷன் முழுவதுமாக அங்கே இருக்கும். படிக்கும்போது மேலிருந்து அல்லாமல், "இதனால் ஏற்பட்டது" என்று வரும் கடைசி வரிக்குப் போங்கள். ஸ்பிரிங்கில் ஒரு பீன் (ஸ்பிரிங் உருவாக்கி வைக்கும் பொருள்) உருவாகாததால் இன்னொன்று, அதனால் மற்றொன்று என்று சங்கிலி நீளும். டேட்டாபேஸ் முகவரி தவறு என்ற உண்மை கடைசிக் கண்ணியில்தான் இருக்கும்.

கிளாஸ் கிடைக்கவில்லை, மெத்தட் கிடைக்கவில்லை என்ற பிழைகள் சர்வரில் மட்டும் ஏன் வருகின்றன?

டாம்கேட் ஒவ்வொரு செயலிக்கும் தனிக் கிளாஸ் லோடர் (கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதி) வைக்கிறது. ஜாவாவில் வழக்கம், பெற்றோர் லோடரிடம் முதலில் கேட்பது. டாம்கேட் இதைத் திருப்பிப் போடுகிறது: ஜேவிஎம்மின் சொந்தக் கிளாஸ்களுக்குப் பிறகு முதலில் செயலியின் கிளாசஸ், அடுத்து செயலியின் லிப், அதன் பிறகே டாம்கேட்டின் பொது லிப். இதனால்தான் ஒரே சர்வரில் இரண்டு செயலிகள் ஒரே நூலகத்தின் இரு பதிப்புகளை மோதலின்றி வைத்துக்கொள்ள முடிகிறது.

இதற்கு விலக்கு உண்டு. சர்வ்லெட் ஏபிஐ எப்போதும் சர்வருடையது. அதை வாருக்குள் வைத்தால் டாம்கேட் அந்த ஜாரைப் புறக்கணித்துவிட்டு லாகில் ஓர் எச்சரிக்கை எழுதும். மேவனில் அந்தச் சார்பை "புரொவைடட்" என்று குறிப்பது இதற்காகத்தான்: கம்பைல் செய்யும்போது வேண்டும், பொதி கட்டும்போது வேண்டாம்.

உண்மையான தொல்லை தொடங்குவது யாரோ ஒருவர் வசதிக்காக டாம்கேட்டின் பொது லிப்பில் ஸ்பிரிங் ஜார்களையோ லாக் நூலகங்களையோ போட்டுவிடும்போது. அப்போது ஒரே கிளாஸ் இரண்டு லோடர்கள் வழியாக ஏறும். ஜேவிஎம் ஒரு கிளாஸை அதன் பெயரால் மட்டும் அடையாளம் காண்பதில்லை. பெயரும் ஏற்றிய லோடரும் சேர்ந்ததுதான் அடையாளம். அதனால், ஒரு கிளாஸை அதே கிளாஸாக மாற்ற முடியவில்லை என்ற, படித்தவுடன் நம்ப முடியாத பிழை வரும். அந்தச் செய்தியைப் பார்த்தால் நிரலை ஆராய வேண்டாம். அந்த ஜார் எத்தனை இடங்களில் கிடக்கிறது என்று தேடுங்கள்.

பொது லிப்பில் எதையுமே போடக் கூடாதா?

டேட்டாபேஸ் இணைப்புத் தொகுப்பை டாம்கேட்டே நிர்வகிக்க வேண்டும் என்று அமைத்திருந்தால், டேட்டாபேஸுடன் பேசும் ஜேடிபிசி டிரைவர் அங்கேதான் இருக்க வேண்டும். செயலிக்குள் இருப்பதை டாம்கேட்டின் தொகுப்பால் காண முடியாது. அதைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பதே என் கருத்து.

"ஆதரிக்கப்படாத கிளாஸ் பதிப்பு 61" என்றால்?

கம்பைல் செய்த ஜாவா புதியது, ஓட்டும் ஜாவா பழையது. 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. கட்டளைவரியில் தெரியும் ஜாவாவும் டாம்கேட் எடுத்துக்கொள்ளும் ஜாவாவும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. டாம்கேட் தொடங்கும்போது லாக் கோப்பின் முதல் வரிகளில் தான் எந்த ஜாவாவில் ஓடுகிறது என்று எழுதும். அதை நம்புங்கள்.

டிஸ்பாச்சர் சர்வ்லெட்டை / என்று பொருத்துவதா, /* என்று பொருத்துவதா?

சர்வ்லெட்டுக்கு / போதும். வேறு யாரும் எடுத்துக்கொள்ளாத முகவரிகள் எல்லாம் அதற்கு வரும். /* என்று எழுதினால் ஜேஎஸ்பி (சர்வரில் உருவாகும் பக்கங்கள்) உட்பட எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். கன்ட்ரோலர் ஒரு ஜேஎஸ்பிக்கு அனுப்பினால் அந்தக் கோரிக்கையும் திரும்ப டிஸ்பாச்சருக்கே வந்து, அதற்கான கன்ட்ரோலர் இல்லை என்று 404-இல் முடியும். ஃபில்டராக இயங்கும் ஸ்ட்ரட்ஸ், விக்கெட் ஆகியவற்றுக்கு மாறாக /* சரியானது, ஏனெனில் ஃபில்டர் தனக்கு வேண்டாததை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கும், சர்வ்லெட் விட்டுக்கொடுக்காது.

ஸ்பிரிங் பூட் செயலியை வெளியே உள்ள டாம்கேட்டில் எப்படி ஏற்றுவது?

மூன்று மாற்றங்கள். பொதியை ஜாருக்குப் பதில் வாராக்குங்கள். உள்ளமைந்த டாம்கேட் ஸ்டார்ட்டரை "புரொவைடட்" என்று குறியுங்கள். முதன்மைக் கிளாஸ் ஸ்பிரிங்பூட் சர்வ்லெட் இனிஷியலைசரிலிருந்து பிறக்கும்படி மாற்றி, அதன் கான்ஃபிகர் மெத்தடை எழுதுங்கள். மூன்றாவதை மறந்தால் சர்வர் வாரை ஏற்றும், ஸ்பிரிங் எழுந்திருக்காது. வெளியே உள்ள டாம்கேட் எந்த மெயின் மெத்தடையும் அழைப்பதில்லை.

இன்னொன்று. பண்புக் கோப்பில் நீங்கள் எழுதிய போர்ட் எண், கான்டெக்ஸ்ட் பாத், த்ரெட் எண்ணிக்கை எதுவும் இப்போது செல்லாது. அவை உள்ளமைந்த சர்வருக்கானவை. வெளிச் சர்வரில் அந்த அதிகாரம் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்புக்கும் வாரின் பெயருக்கும் உரியது.

கடவுச்சொல்லையும் டேட்டாபேஸ் முகவரியையும் எங்கே வைப்பது?

வாருக்குள் வேண்டாம். சோதனைச் சர்வருக்கு ஒரு வார், உண்மைச் சர்வருக்கு ஒரு வார் என்று கட்டத் தொடங்கினால், நீங்கள் சோதித்தது ஒன்று, ஏற்றுவது வேறொன்று என்றாகிவிடும். ஒரே வார் எல்லா இடத்திலும் ஓட வேண்டும். மாறுபவை வெளியே இருக்க வேண்டும். டாம்கேட்டின் கான்ஃப் கோப்புறைக்குள் கேட்டலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்ற கோப்புறையில், செயலியின் பெயரில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு வைத்து அதில் ஜேஎன்டிஐ மூலத்தை, அதாவது செயலி பெயர் சொல்லிக் கேட்டுப் பெறும் டேட்டாபேஸ் இணைப்பை, எழுதலாம். அல்லது சூழல் மாறிகள். ஜேவிஎம்முக்கான அமைப்புகளை பின் (bin) கோப்புறையில் செட்என்வ் என்ற கோப்பை உருவாக்கி அதில் எழுதுங்கள். டாம்கேட்டின் தொடக்க ஸ்கிரிப்ட்டைத் திருத்தினால் அடுத்த பதிப்பேற்றத்தில் உங்கள் திருத்தம் காணாமல் போகும்.

முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்தேன். லாகின் செய்தால் மறுபடி லாகின் பக்கமே வருகிறது. ஏன்?

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டும் வெவ்வேறு.

முதலாவது குக்கியின் பாதை. செயலி /கணக்கு என்ற கான்டெக்ஸ்ட் பாத்தில் இருக்கிறது என்று வையுங்கள். டாம்கேட் செஷன் குக்கியை அந்தப் பாதைக்கென்று தருகிறது. ஆனால் வெளியுலகுக்கு அதே செயலியை / என்ற பாதையில் காட்டும்படி என்ஜின்எக்ஸை அமைத்திருக்கிறீர்கள். பிரவுசர் குக்கியை வாங்கி வைத்துக்கொள்ளும். / பாதைக்கு அதை அனுப்பாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய செஷன் பிறக்கும், லாகின் நிலைக்காது. குக்கி பாதையை மாற்றி எழுத என்ஜின்எக்ஸில் வழி இருக்கிறது. ஆனால் உள்ளேயும் வெளியேயும் ஒரே பாதை வைப்பதுதான் நிம்மதி.

இரண்டாவது எச்டிடிபிஎஸ். பாதுகாப்பு இணைப்பு என்ஜின்எக்ஸிலேயே முடிந்து, டாம்கேட்டுக்கு வெறும் எச்டிடிபி மட்டும் வருகிறது. செயலி ரீடைரக்ட் அனுப்பும்போது தனக்குத் தெரிந்த எச்டிடிபி முகவரியை எழுதும். அதை என்ஜின்எக்ஸ் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்ப, செயலி மறுபடி எச்டிடிபிக்கு அனுப்ப, சுழல் முடியாது. மூல இணைப்பு எது என்பதை என்ஜின்எக்ஸ் "எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ" தலைப்பில் சொல்ல வேண்டும். டாம்கேட் அதை நம்பும்படி ரிமோட் ஐபி வால்வை அமைக்க வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் போதாது. அந்தத் தலைப்பை எங்கிருந்து வந்தாலும் நம்பும்படி விட்டுவிடாதீர்கள். உங்கள் பிராக்ஸியின் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் நம்பட்டும்.

படிவத்தில் தட்டச்சு செய்த தமிழ் கேள்விக்குறிகளாக மாறிவிடுகிறது. எங்கே கெடுகிறது?

முதலில் கெட்டுப்போன வடிவத்தை உற்றுப் பாருங்கள். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஒரு குறியீட்டுக்கு மூன்று அந்நியக் குறிகள் வந்தால் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. யாரோ அவற்றை லத்தீன் எழுத்தாகப் படித்துவிட்டார்கள். ஒன்றுக்கு ஒரு கேள்விக்குறி வந்தால், தமிழே இல்லாத ஒரு குறியாக்கத்துக்குள் எழுத முயன்றிருக்கிறார்கள். இரண்டாவது வகையில் அப்படிச் சேமித்த தரவு போனது போனதுதான், மீட்க முடியாது. எனவே அதைக் கண்டவுடன் செயலியை நிறுத்தி, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு தொடருங்கள்.

முதல் வகைக்கு வழக்கமான காரணம், சர்வ்லெட் வரையறைப்படி கோரிக்கையின் உடல்பகுதிக்கு இயல்பான குறியாக்கம் ஐஎஸ்ஓ-8859-1 என்பது. முகவரியில் வரும் தரவை டாம்கேட் 8 முதலே யுடிஎஃப்-8-ஆகப் படிக்கிறது, ஆகவே டாம்கேட் 8, 9-இல் தேடல் பெட்டி சரியாக வேலை செய்யும், படிவம் மட்டும் கெடும். குறியாக்க ஃபில்டரைச் சேர்த்தால் சரியாகும், ஆனால் அது எல்லா ஃபில்டர்களுக்கும் முன்னால் ஓட வேண்டும். வேறு ஏதாவது ஃபில்டர் ஒரே ஒரு அளவுருவை முன்பே படித்துவிட்டாலும் அத்தனை அளவுருக்களும் தவறான குறியாக்கத்தில் பிரிக்கப்பட்டுவிடும்; பிறகு மாற்றிப் பயனில்லை. சர்வ்லெட் 4.0 முதல் வெப்.எக்ஸ்எம்எல்லிலேயே கோரிக்கையின் குறியாக்கத்தை ஒரு வரியில் அறிவிக்கலாம். அது ஃபில்டரைவிட உறுதியானது.

இரண்டாம் வகைக்கு டேட்டாபேஸ் அட்டவணையின் குறியாக்கத்தையும், நிரலில் குறியாக்கம் சொல்லாமல் எழுத்தைப் பைட்டாக மாற்றும் இடங்களையும் பாருங்கள். ஜாவா 18 முதல் இயல்பான குறியாக்கம் எங்கும் யுடிஎஃப்-8. அதற்கு முந்தையவற்றில் இயங்குதளம் சொல்வதே சட்டம். உங்கள் கணினியில் சரியாக ஓடி, சர்வரில் மட்டும் கெடுவது இதனால்தான்.

பெரிய கோப்பைப் பதிவேற்றினால் இணைப்பே அறுந்துவிடுகிறது.

வரம்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. என்ஜின்எக்ஸில் இயல்பு வரம்பு 1 எம்பி, மீறினால் 413. ஸ்பிரிங் பூட்டில் கோப்புக்கு 1 எம்பி, முழுக் கோரிக்கைக்கு 10 எம்பி. ஸ்ட்ரட்ஸில் 2 எம்பி. எல்லா அடுக்கிலும் உயர்த்த வேண்டும். செயலி கோப்பை மறுத்த பிறகு மிச்சத்தை எவ்வளவு தூரம் வாங்கிக் கழிப்பது என்பதற்கும் டாம்கேட்டில் 2 எம்பி என்று ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் இணைப்பை வெட்டிவிடும். நீங்கள் எழுதிய அழகான பிழைச் செய்தி பயனரைச் சேராததற்கு அதுதான் காரணம். டாம்கேட் மேனேஜர் பக்கம் வழியாக வாரை ஏற்றுபவர்களுக்கு 50 எம்பி வரம்பு.

நான்கைந்து முறை மறுபடி ஏற்றினால் மெட்டாஸ்பேஸ் தீர்ந்து சர்வர் விழுகிறது. நினைவகத்தைக் கூட்டினால் போதுமா?

மெட்டாஸ்பேஸ் என்பது ஜேவிஎம் கிளாஸ் விவரங்களை வைக்கும் நினைவகப் பகுதி. கூட்டினால் விழும் நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே. செயலியை இறக்கும்போது டாம்கேட் அதன் கிளாஸ் லோடரைக் கைவிடுகிறது. அந்த லோடரை வேறு யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால்தான் ஜேவிஎம் அதைத் துடைக்க முடியும். ஒரே ஒரு பொருள் வெளியிலிருந்து அதைப் பற்றியிருந்தாலும், அந்த லோடர் ஏற்றிய ஆயிரக்கணக்கான கிளாஸ்கள் அத்தனையும் அப்படியே தங்கும். அடுத்த ஏற்றத்தில் இன்னொரு தொகுதி.

பற்றியிருப்பவை பெரும்பாலும் மூன்று. செயலி தொடங்கிவைத்து நிறுத்தாமல் விட்ட த்ரெட். சர்வரின் த்ரெட்டில் செயலி வைத்துவிட்டு அழிக்காத த்ரெட்லோக்கல் மதிப்பு, அதாவது அந்த த்ரெட்டுடனேயே ஒட்டியிருக்கும் மதிப்பு. த்ரெட் சர்வருடையது, மதிப்பு செயலியுடையது, எல்லை மீறல் அங்கேதான். செயலிக்குள்ளிருந்து பதிவான ஜேடிபிசி டிரைவர். டாம்கேட் செயலியை இறக்கும்போது இவற்றைப் பெயர் சொல்லி லாகில் எச்சரிக்கிறது. எந்த த்ரெட் நிற்கவில்லை என்பது வரை எழுதும். அந்த வரிகளைப் பலர் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனெனில் விடை அங்கேயே இருக்கிறது. செயலி அழியும்போது அழைக்கப்படும் லிசனரில் ஒவ்வொன்றையும் மூடுங்கள்.

உண்மைச் சர்வரில் சர்வரையே நிறுத்தித் தொடங்குவதே என் பரிந்துரை. புதிய ஜேவிஎம்மில் பழைய கசிவு இருக்காது.

செயலியை நிறுத்தாமல் புதிய பதிப்பை மாற்ற முடியுமா?

டாம்கேட்டில் வாரின் பெயருக்குப் பின் ## சேர்த்துப் பதிப்பு எண்ணை எழுதினால் இரண்டு பதிப்புகளும் ஒரே முகவரியில் சேர்ந்து ஓடும். ஏற்கெனவே செஷன் உள்ளவர்கள் பழையதில் தொடர்வார்கள், புதியவர்கள் புதியதற்குப் போவார்கள். பதிப்பு எண் எழுத்தாகவே ஒப்பிடப்படுகிறது; அதனால் 10 என்பது 2-க்கு முந்தையதாகிவிடும். 002, 010 என்று சுழியம் சேர்த்து எழுதுங்கள். டேட்டாபேஸ் அமைப்பு இரு பதிப்புக்கும் ஒத்துவர வேண்டும் என்ற கடினமான பகுதியை டாம்கேட் தீர்க்காது.

தொடங்க நெடுநேரம் ஆகிறது.

லாகில் இரண்டு செய்திகளைத் தேடுங்கள். செஷன் எண்ணுக்கான செக்யூர்ரேண்டம் உருவாக இத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று பெரிய எண் இருந்தால், மெய்நிகர் கணினியில் சீரற்ற தரவு போதாமல் காத்திருக்கிறது. ஜாவாவை யூரேண்டம் மூலத்துக்குத் திருப்புங்கள். ஜார்களை அலசியும் எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தி இருந்தால், அலச வேண்டாத ஜார்களின் பட்டியலை டாம்கேட்டிடம் கொடுங்கள்.

மேம்பாட்டு நிலையை அணைக்க வேண்டுமா?

கட்டாயம். விக்கெட் தானாகவே மேம்பாட்டு நிலையில்தான் தொடங்கும். லாகில் பெட்டி கட்டி எச்சரிக்கும். கான்ஃபிகரேஷன் அளவுருவை டெப்ளாய்மென்ட் என்று மாற்றுங்கள். ஸ்ட்ரட்ஸில் டெவ்மோடு இயல்பாக அணைந்திருக்கும், பயிற்சிக்காக யாராவது திறந்து வைத்திருந்தால் மூடுங்கள். திறந்திருந்தால் பிழைப்பக்கத்தில் உங்கள் நிரலின் உள்ளமைப்பு முழுவதும் வெளியே தெரியும்.

இணையத்தில் திறப்பதற்கு முன் வேறென்ன கவனிக்க வேண்டும்?

டாம்கேட்டுடன் வரும் எடுத்துக்காட்டுச் செயலிகளையும் ஆவணங்களையும் நீக்குங்கள். மேனேஜர் பயன்படாவிட்டால் அதையும். இயங்குதளத்தின் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக டாம்கேட்டை ஓட்டாதீர்கள்; 80, 443 போர்ட்டுகளை என்ஜின்எக்ஸ் பார்த்துக்கொள்ளட்டும், டாம்கேட் 8080-இலேயே உள்ளுக்குள் இருக்கட்டும். முன்னால் நிற்கும் சர்வர் டாம்கேட்டுடன் பேசும் ஏஜேபி நெறிமுறைக்கான 8009 போர்ட் தேவையில்லை என்றால் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். 2020 பிப்ரவரியில் வெளிப்பட்ட கோஸ்ட்கேட் ஓட்டை அதன் வழியாகச் செயலியின் உள்கோப்புகளைப் படிக்க விட்டது, 9.0.31 முதல் அந்தப் போர்ட் இயல்பாக மூடியே வருகிறது. பழைய சர்வர்.எக்ஸ்எம்எல்லை அப்படியே புதிய டாம்கேட்டுக்கு நகலெடுத்தவர்கள் திறந்த கதவையும் சேர்த்தே கொண்டுவந்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது வாருக்குள் இருக்கும் நூலகங்களை. இயங்குதளத்தையும் டாம்கேட்டையும் புதுப்பித்தால் அவை புதுப்பிக்கப்படுவதில்லை. ஸ்ட்ரட்ஸ் 2-இல் தொலைவிலிருந்தே கட்டளை ஓட்டவிடும் ஓட்டை 2017 மார்ச்சில் வெளியாயிற்று, திருத்தமும் உடனே வந்தது. திருத்தம் ஏறாத ஒரு செயலி வழியாக அந்த ஆண்டு மே மாதம் ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்துச் சென்றார்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற லாக் நூலகத்தின் ஓட்டை வெளிவந்தபோதும் இதே நிலைதான்: சர்வர் நிர்வாகியால் மட்டும் சரிசெய்ய முடியாது, செயலியை எழுதியவர் புதிய வாரைக் கட்டித் தர வேண்டும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் இன்றே வாரைக் கட்ட முடியுமா என்று சோதித்துப் பாருங்கள். மூல நிரல், பில்ட் அமைப்பு, அதை ஓட்டத் தெரிந்த ஒருவர் ஆகிய மூன்றில் ஒன்று இல்லை என்றாலும், அந்தச் செயலியை இணையத்தில் வைத்திருக்கக் கூடாது.